வாடகைக்கு நல்ல உலகப் படம்: பெயரோடு போய்த் தேடுங்கள்

கேள்வி: வீட்டில் இரண்டு ஓடிடி சந்தா இருக்கிறது. ஆனாலும் சனிக்கிழமை ராத்திரி அரை மணி நேரம் ரிமோட்டைத் தள்ளிக்கொண்டே இருந்துவிட்டு, ஏற்கெனவே பார்த்த படத்தையே போடுகிறோம். அதிகம் பேசப்படாத வெளிநாட்டுப் படங்களையும் சின்ன பட்ஜெட் படங்களையும் வாடகைக்கு எடுத்துப் பார்க்க ஆசை. எப்படிக் கண்டுபிடிப்பது? கூடவே ஒரு சிக்கல்: அம்மாவுக்கு ஆங்கில சப்டைட்டிலை வேகமாகப் படிக்க வராது.
- வாசகர் ஒருவர், தஞ்சாவூர்

பதில்: ரிமோட்டைத் தள்ளித் தள்ளி இந்த மாதிரிப் படம் கிடைக்காது. முகப்புப் பக்கத்தில் வருவதெல்லாம் அந்த நிறுவனம் தூக்கிப் பிடிக்கும் படங்களும், நீங்கள் முன்பு பார்த்ததை வைத்து அது போடும் கணக்கும்தான். ஐரோப்பாவின் குட்டி நாடான கொசோவோவின் படம் ஒன்று வாடகைக்கு இருந்தாலும், பெயரை அடித்தால்தான் தலைகாட்டும். ஆகவே டிவி முன்னால் உட்காரும்போதே கையில் நாலைந்து பெயர் இருக்கட்டும்.

பெயர் தேடி நான் முதலில் போகும் இடம் ஆஸ்கர் பட்டியல். வென்ற படத்துக்காக இல்லை, தோற்ற படங்களுக்காக. சர்வதேசப் படப் பிரிவுக்கு ஒரு நாடு ஒரே ஒரு படம்தான் அனுப்பலாம். வருடத்துக்கு எண்பது, தொண்ணூறு படங்கள் போகின்றன. அதில் 15 குறும்பட்டியலுக்கு, அதிலிருந்து 5 இறுதிக்கு. மிச்சமெல்லாம் அந்தந்த நாடு அந்த வருடத்துப் படங்களிலிருந்து பொறுக்கி அனுப்பியவை. நம் காதுக்கு அவற்றின் பெயர்கூட வருவதில்லை. முழுப் பட்டியலும் வருடவாரியாக விக்கிப்பீடியாவில் கிடக்கிறது.

2022-ல் நடந்த 94-வது விழாவையே பாருங்கள். வென்றது ஜப்பானின் 'டிரைவ் மை கார்'. பூடானின் 'லுனானா' கடைசி ஐந்தில் இருந்தது. இந்தியா அனுப்பியது நம்ம பி.எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்', குறும்பட்டியலுக்கே போகவில்லை. முந்தைய வருடம் நெதர்லாந்தின் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் முதன்மைப் பரிசான டைகர் விருது வாங்கிய படம் அது. நம் படத்துக்கு இந்தக் கதி என்றால், அதே பட்டியலில் இன்னும் எத்தனை கூழாங்கல் கிடக்கும்!

இரண்டை நானே எடுத்துத் தருகிறேன். ஒன்று, கொசோவோவின் 'ஹைவ்'. போரில் காணாமல் போன கணவன் வருவானா மாட்டானா என்று தெரியாத ஒரு பெண், ஊரில் அதே நிலையில் இருக்கும் பெண்களைச் சேர்த்துக்கொண்டு, சிவப்புக் குடைமிளகாயைச் சுட்டு 'அய்வார்' என்ற தொக்கு செய்து விற்கிறாள். அவள் கார் ஓட்டுவதையே ஊர் பொறுத்துக்கொள்வதில்லை. நிஜத்தில் நடந்த கதை. இயக்குநர் பிளெர்தா பஷோலிக்கு இது முதல் முழுநீளப் படம். அமெரிக்காவின் சண்டான்ஸ் திரைப்பட விழாவில் 2021-ல் மூன்று விருது வாங்கியது. இன்னொன்று, பின்லாந்தின் 'கம்பார்ட்மென்ட் நம்பர் 6'. மாஸ்கோவிலிருந்து மூர்மான்ஸ்க் போகும் ரயிலில் ஒரு மாணவியும் ஒரு முரட்டுச் சுரங்கத் தொழிலாளியும் ஒரே பெட்டியில் மாட்டிக்கொள்கிறார்கள். பிரான்ஸின் கான் விழாவில் இரண்டாவது பெரிய விருதான கிராண்ட் பிரீயை இன்னொரு படத்தோடு பங்கிட்டுக்கொண்ட படம். இரண்டுமே ஆஸ்கரில் 15-ஓடு நின்றுவிட்டன.

இன்னொரு வழி, பிடித்த இயக்குநரைப் பின்னோக்கிப் போவது. 'எ செபரேஷன்' ஆஸ்கர் வாங்கியதும் ஈரான் இயக்குநர் அஸ்கர் ஃபர்ஹாதியை உலகமே தெரிந்துகொண்டது. அதற்கு முன் 2009-ல் அவர் எடுத்த 'அபவுட் எல்லி'யை அவ்வளவு பேர் பார்க்கவில்லை. காஸ்பியன் கடலோரத்துக்கு விடுமுறைக்குப் போகும் நண்பர் குடும்பங்கள். கூட வந்த பெண் திடீரென்று காணவில்லை. ஆளாளுக்கு ஒரு பொய். என்னைக் கேட்டால் 'எ செபரேஷ'னைவிட ஒரு படி மேல்.

அமெரிக்கச் சின்னப் படங்களுக்கு, அங்கே சுயாதீனப் படங்களுக்குத் தரும் இண்டிபெண்டன்ட் ஸ்பிரிட் விருதுகளில், இயக்குநர் ஜான் கசாவெட்டிஸ் பெயரில் உள்ள விருதைக் கவனியுங்கள். 10 லட்சம் டாலருக்குள் முடித்த படங்களுக்கானது. முன்பு வரம்பு 5 லட்சம்தான்.

பெயர் கிடைத்ததும் நேரே ஓடிடிக்குப் போகாதீர்கள். முதலில் ஜஸ்ட்வாட்ச் தளத்தில் நாட்டை இந்தியா என்று வைத்துத் தேடுங்கள். உங்கள் சந்தாவிலேயே இருக்கிறதா, வாடகைக்கா, விலைக்கா என்று தனித்தனியாகக் காட்டும். சந்தாவில் ஏற்கெனவே இருக்கும் படத்துக்கு வேறிடத்தில் வாடகை கட்டுகிறவர்கள் நிறையப் பேர். பணம் கட்டும் முன் இயக்குநர் பெயரையும் வருடத்தையும் ஒரு தடவை சரிபாருங்கள். 'தி ஹன்ட்' என்று அடித்தால் தாமஸ் வின்டர்பெர்க்கின் 2012 டேனிஷ் படமும் வரும், 2020-ல் வந்த அமெரிக்க ரத்தக்களரியும் வரும். அம்மாவோடு உட்கார்ந்து இரண்டாவதைப் போட்டுவிட்டால் அப்புறம் உங்கள் பாடு.

சப்டைட்டில் விவரத்தையும் அப்போதே பாருங்கள். ஆங்கில டப்பிங் மட்டும் இருந்தால் விட்டுவிடுங்கள்.

யூடியூபிலும் பிரைம் வீடியோவிலும் வாடகைக் கணக்கு பொதுவாக ஒன்றுதான்: பணம் கட்டியதிலிருந்து 30 நாளுக்குள் தொடங்க வேண்டும், ப்ளே அழுத்தியதிலிருந்து 48 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். படம் ஓடுகிறதா என்று சும்மா அழுத்திப் பார்த்தாலும் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். 'டிரைவ் மை கார்' எடுத்த ஹமகுச்சியின் 'ஹேப்பி அவர்' ஐந்தே கால் மணி நேரம். அதையெல்லாம் வெள்ளி ராத்திரி தொடங்கினால்தான் ஞாயிறுக்குள் கரையேறலாம்.

அம்மாவுக்கு, பேச்சு குறைந்த படமாகப் பாருங்கள். வடக்கு மாசிடோனியாவின் 'ஹனிலேண்ட்' நல்ல தொடக்கம். மலைக்கிராமத்தில் படுத்த படுக்கையான தாயைப் பார்த்துக்கொண்டு காட்டுத்தேன் எடுக்கும் பெண்ணைப் பற்றிய ஆவணப்படம். தேனில் பாதி எனக்கு, பாதி தேனீக்கு என்பது அவள் கணக்கு. பக்கத்து நிலத்துக்கு வந்த குடும்பம் முழுவதையும் எடுக்க, பிரச்சினை வெடிக்கிறது. சப்டைட்டில் பாதி தவறினாலும் புரியும். டிவி செட்டிங்ஸில் எழுத்தின் அளவைப் பெரிதாக்கி, பின்னணியைக் கறுப்பாக வைத்துக் கொடுங்கள்.

தேடிய படம் இந்தியாவில் வாடகைக்கே இல்லை என்றால், ஜஸ்ட்வாட்சில் உங்கள் பட்டியலில் சேர்த்து வையுங்கள். உரிமம் கைமாறும்போது இல்லாத படம் வரும், இருந்த படம் போகும். மாதம் ஒருமுறை பட்டியலை ஓட்டிப் பார்த்தால் போதும். அதுவரை பொறுக்க முடியாவிட்டால், டிசம்பரில் சென்னையிலும் திருவனந்தபுரத்திலும் நடக்கும் சர்வதேசத் திரைப்பட விழாக்கள் இருக்கின்றன.