மறுமணக் குடும்பமும் முதல் கேம்ப்பும்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

மறுமணத்துக்குப் பிறகு இரண்டு பக்கத்துப் பிள்ளைகளையும் ஒன்றாக மலை, காடு, ஆறு என்று கூட்டிப்போவது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். குடும்பங்களை மலைப்பாதையில் வழிநடத்திக் கூட்டிப்போவது என் தொழில். என் கணவரின் பிள்ளைகளுக்கு நான் இடையில் வந்தவள். என் மகனுக்கு அவர் இடையில் வந்தவர். அதனால் இரண்டு பக்கத்து மனசும் ஓரளவு தெரியும்.

கேள்வி: கல்யாணமாகி நான்கு மாதம் ஆகிறது. அவருக்கு இரண்டு பிள்ளைகள், எனக்கு ஒரு மகள். எல்லாரும் ஒட்டிக்கொள்ளட்டும் என்று ஒரு வாரம் கேம்ப் போக நினைக்கிறோம். சரியா அக்கா?

ஒரு வாரம் வேண்டாம். அரை நாள் நடையில் தொடங்குங்கள். அது ஒழுங்காகப் போனால், நினைத்தால் உடனே வீட்டுக்குத் திரும்பக்கூடிய தூரத்தில் ஒரு இரவு தங்குங்கள்.

எல்லாரும் சேர்ந்து இருக்கும் நேரம்தான் புதுக் குடும்பத்துக்கு மிகவும் கஷ்டமான நேரம். அப்பாவுக்கும் அவர் பிள்ளைகளுக்கும் பழைய கதைகள், பழைய கிண்டல்கள் இருக்கும். உங்களுக்கும் மகளுக்கும் அப்படியே. யார் பேச ஆரம்பித்தாலும் இன்னொரு பக்கம் வெளியே நிற்கும். வீட்டிலாவது அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளலாம். கூடாரத்தில் எங்கே போவது?

இரண்டிரண்டு பேராகப் பிரியுங்கள். நீங்களும் உங்கள் மகளும் மட்டும் ஒரு காலை நடை. அவரும் அவர் பிள்ளைகளும் ஒரு நாள். நீங்களும் அவர் பிள்ளைகளில் ஒருவரும் ஒரு மணி நேரம். கடைசியாகத்தான் எல்லாரும். மறுமணக் குடும்பங்களைப் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்தவர் பாட்ரிசியா பேப்பர்னோ என்ற அமெரிக்க உளவியலாளர். வேகமாகச் சேர்ந்துகொள்ளும் குடும்பங்களுக்கே நான்கு ஆண்டு வரை ஆகிறது என்கிறார் அவர். நான்கு மாதத்தில் நீங்கள் எந்த விதத்திலும் பின்தங்கிவிடவில்லை.

கேள்வி: கணவரின் மகனுக்கு 11 வயது. ஈரப் பாறைமேல் ஏறாதே என்றேன். "நீங்க ஒண்ணும் எங்கம்மா இல்ல" என்று எல்லார் முன்னாடியும் சொல்லிவிட்டான். நான் என்ன செய்திருக்க வேண்டும்?

அவன் சொன்னது உண்மைதானே. அதை மறுத்துப் பேசினால் தோற்றுப்போவீர்கள். "ஆமாம், நான் உன் அம்மா இல்லை. இது அப்பா சொன்ன விதி. இறங்கு" என்று சொன்னால் போதும். ஆனால் அப்படிச் சொல்ல, அப்பா அந்த விதியை முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். பெரும்பாலான வீடுகளில் சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

முதல் சில ஆண்டுகளுக்குக் கண்டிப்பது, பிள்ளையைப் பெற்ற அப்பா அல்லது அம்மாவின் வேலை. இடையில் வந்தவர் கண்டிப்பை அவசரமாகக் கையில் எடுத்தால் பிள்ளை விலகிப்போகும். இது குடும்ப ஆலோசகர்கள் பலரும் ஒத்துக்கொள்ளும் விஷயம். ஆனால் வெளியில் ஒரு வித்தியாசம் இருக்கிறது. சாப்பிட்ட தட்டைக் கழுவாததை ராத்திரி கணவரிடம் சொல்லிக்கொள்ளலாம். வழுக்கும் பாறை ராத்திரிவரை காத்திருக்காது.

அதனால் கிளம்பும்முன், வண்டியை விட்டு இறங்கிய இடத்திலேயே, கணவர் எல்லாப் பிள்ளைகள் முன்னாலும் விதிகளைச் சொல்லட்டும். பெரியவர் கண்ணில் படும் தூரத்தைத் தாண்டக் கூடாது. தண்ணீர் ஓரத்துக்குத் தனியாகப் போகக் கூடாது. பாதை பிரியும் இடத்தில் நின்று காத்திருக்க வேண்டும். அதற்குமேல் வேண்டாம், ஞாபகம் இருக்காது. பிறகு, "நான் பக்கத்தில் இல்லாதபோது இவங்க சொல்றது நான் சொல்ற மாதிரி" என்று உங்களைக் காட்டிச் சொல்லட்டும். உங்களுக்கும் பிள்ளை இருந்தால், அந்தப் பிள்ளையிடம் அவர் சொல்வதற்கும் இதே முறைதான். அங்கே நீங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

ஷூ சேறு, சட்டை அழுக்கு, கத்திப் பேசுவது ஆகியவற்றை நீங்கள் கண்டுகொள்ளாதீர்கள். அதற்குப் பதிலாக ஏதாவது கற்றுக்கொடுங்கள்: முடிச்சு போடுவது, வரைபடத்தில் நாம் நிற்கும் இடத்தைக் கண்டுபிடிப்பது, அடுப்புப் பற்றவைப்பது. கட்டளைக்கு முறைக்கிற பையன்கூட முடிச்சுக்குக் கையை நீட்டுவான்.

கேள்வி: என் மகனுக்கு 13, மனைவியின் மகளுக்கு 6. ஒருத்தன் ஓடுகிறான், ஒருத்தி உட்கார்ந்துவிடுகிறாள். தூரத்தை எப்படித் திட்டமிடுவது?

வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892இல் ஒரு கணக்கு சொன்னார். இன்றைய அளவில், 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம். அதோடு ஏறும் ஒவ்வொரு 600 மீட்டர் உயரத்துக்கும் இன்னொரு மணி நேரம். இது உடல் பழகிய பெரியவர்களுக்கான கணக்கு. 6 வயதுப் பிள்ளை கூட இருந்தால் நான் அதை அப்படியே இரண்டால் பெருக்கிவிடுவேன். 6 கிலோமீட்டர் தூரம், 300 மீட்டர் ஏற்றம் என்றால் கணக்குப்படி சுமார் 1 மணி 40 நிமிடம். உங்களுக்கு மூன்றரை மணி நேரம். ஓய்வு தனி.

வேகத்தைச் சின்னவள் முடிவு செய்யட்டும், முன்னால் அவளே நடக்கட்டும். பெரியவனுக்குச் சலிக்கும். கண்ணுக்குத் தெரியும் அடுத்த வளைவுவரை ஓடிப்போய்க் காத்திருக்கும் வேலையை அவனுக்குக் கொடுங்கள். அவள் பையை மட்டும் அவன் தலையில் கட்டாதீர்கள். நேற்று வந்த தங்கையின் சுமையைத் தூக்கச் சொன்னால் அவளைப் பிடிக்காமல்போக வேறு காரணமே வேண்டாம். பிள்ளைகளின் பை அவரவர் எடையில் பத்தில் ஒரு பங்குக்குள் இருந்தால் போதும். மிச்சம் உங்கள் முதுகில்.

"அண்ணனைப் பார், எப்படி நடக்கிறான்" என்பது எந்த வீட்டிலும் எரிச்சல் தரும். இந்த மாதிரி வீட்டில் அது பக்கம் பிரிக்கும்.

கேள்வி: இரண்டு கூடாரம்தான் இருக்கிறது. யார் யாருடன் படுப்பது?

முதல் தடவை அவரவர் பிள்ளை அவரவர் அப்பா அம்மாவுடன். ஆமாம், புதுத் தம்பதிகள் தனித்தனியாகத்தான். தேனிலவுக்கு வேறு தேதி பாருங்கள். பதின்ம வயதுப் பெண் இருந்தால் உடைமாற்ற மறைவான இடமும் வேண்டும். எங்கே படுக்க விருப்பம் என்று அவளிடம் தனியாகக் கேளுங்கள், எல்லார் முன்னாலும் கேட்காதீர்கள்.

கேள்வி: மனைவியின் மகனைப் படகு துடுப்புப் போடக் கூட்டிப்போகிறேன். 9 வயது. பேசவே மாட்டேன் என்கிறான். என்ன பேசுவது?

ஒன்றும் பேசாதீர்கள். நேருக்கு நேர் உட்கார்ந்து பேச வைக்கும்போது பிள்ளைகள் இறுகிப்போவார்கள். பக்கத்தில் பக்கத்தில் இருந்து ஏதோ ஒரு வேலை செய்யும்போது பேச்சு தானாக வரும், வராமலும் போகும். இரண்டும் சரி.

நான் கவலைப்படுவது வேறு விஷயத்துக்கு. இந்தப் பையனின் முதல் எட்டு வருஷத்தை நீங்கள் பார்க்கவில்லை. "எனக்கு நீச்சல் தெரியும்" என்று அவன் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியாது. அவன் அம்மாவிடம் கேளுங்கள், ஆழமில்லாத தண்ணீரில் நீங்களே பாருங்கள். தெரிந்தாலும் லைஃப் ஜாக்கெட் கட்டாயம், உங்களுக்கும்தான். அப்படியே ஒவ்வாமை, இருட்டுப் பயம், வண்டியில் வாந்தி, தூக்கத்தில் நடப்பது, படுக்கையை நனைப்பது என எல்லாவற்றையும் கேட்டு வையுங்கள். கடைசி விஷயத்தை மற்ற பிள்ளைகள் காதில் விழாமல் கேளுங்கள்.

கேள்வி: பிள்ளை வழிதவறிவிட்டால்?

1981இல் கலிபோர்னியாவில் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் மலைக்காட்டில் வழிதவறி இறந்துபோனான். அதற்குப் பிறகு அங்கே பிள்ளைகளுக்கென்றே ஒரு பாடம் உருவாக்கினார்கள்: வழி தெரியவில்லை என்றால் ஒரு மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அங்கேயே இரு. நடந்துகொண்டே போகும் பிள்ளையைத் தேடுவது மிகவும் கடினம். கழுத்தில் ஒரு விசில் மாட்டிவிடுங்கள். ஊதும் முறை இடத்துக்கு இடம் மாறும்: ஆல்ப்ஸ் பகுதியில் நிமிடத்துக்கு ஆறு முறை, வட அமெரிக்காவில் மூன்று முறை. "தொலைந்துபோனால் யாரும் திட்ட மாட்டோம்" என்றும் சொல்லி வையுங்கள். திட்டு விழும் என்று பயந்து, தேடி வருகிறவர்களிடமிருந்தே ஒளிந்துகொள்ளும் பிள்ளைகள் உண்டு.

உங்களைப் போன்ற குடும்பங்களில் இரண்டு ஆபத்து கூடுதல். ஒன்று, பையன் அவன் அப்பாவோடு இருப்பான் என்று நீங்கள் நினைப்பீர்கள், உங்களோடு இருப்பான் என்று அவர் நினைப்பார். இந்த ஒரு மணி நேரம் எந்தப் பிள்ளை யார் பொறுப்பு என்று வாயால் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டு, கோபித்துக்கொண்டு எழுந்து போவது. இது வழிதவறுவதைவிட அதிகம் நடக்கும். கேம்ப் போட்டதும் "கோபம் வந்தால் இங்கே போய் உட்காரலாம், யாரும் தொந்தரவு செய்ய மாட்டோம்" என்று கண்ணுக்குத் தெரியும் ஒரு இடத்தைக் காட்டிவிடுங்கள்.

கேள்வி: உச்சிக்கு இன்னும் 20 நிமிடம்தான் இருந்தது. இடி கேட்டது. மனைவியின் மகன் திரும்பலாம் என்றான், என் மகன் ஏறலாம் என்றான். யார் பக்கம் நிற்பது?

இடியின் பக்கம். மின்னலுக்கும் சத்தத்துக்கும் இடையே மூன்று விநாடி என்றால் ஒரு கிலோமீட்டர் தூரம். இடைவெளி 30 விநாடிக்குள் வந்தால் கட்டடத்துக்குள்ளோ மூடிய வண்டிக்குள்ளோ போய்விட வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்துத்தான் வெளியே. கூடாரம் காப்பாற்றாது, தனி மரம் இன்னும் மோசம். யாராவது ஒருவர் "திரும்பலாம்" என்றாலே எல்லாரும் திரும்புவது என்று முன்னாலேயே பேசி வைத்துவிட்டால், யார் பக்கம் என்ற கேள்வியே வராது.

கேள்வி: மகளைக் காட்டுக்குக் கூட்டிப்போனதை அவள் அப்பாவிடம் சொல்லாதே என்று சொல்லலாமா? அவர் சண்டை போடுவார்.

கூடாது. சண்டை உங்கள் இருவருக்கும். ரகசியத்தைச் சுமப்பது அவளா? எங்கே போகிறோம், யார் வருகிறார்கள், எப்போது திரும்புவோம் என்று நீங்களே அவருக்கு முன்கூட்டி ஒரு செய்தி அனுப்புங்கள். பல நாடுகளில் மறுமணத்தால் இடையில் வந்த பெற்றோருக்குப் பிள்ளையின் சிகிச்சைக்குச் சம்மதம் சொல்லும் உரிமை தானாக வருவதில்லை. உங்கள் கணவர் மட்டும் மகளைக் கூட்டிப்போவதானால் நீங்கள் கையெழுத்திட்ட அனுமதிக் கடிதம் அவர் பையில் இருக்கட்டும். அதற்கு மேல் என்ன தேவை என்று ஒரு வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

பயணத்தில் நன்றாகச் சிரித்துக்கொண்டிருந்தவள் கடைசி நாளில் உம்மென்று ஆகிவிடலாம். இங்கே சந்தோஷமாக இருந்தது அப்பாவுக்குச் செய்த துரோகம் என்று தோன்றும். "அப்பாவிடம் போய் எல்லாவற்றையும் சொல்லு" என்று நீங்கள் சொன்னால் அந்தப் பாரம் குறையும்.

கேள்வி: என்னை என்ன என்று கூப்பிடச் சொல்வது?

அவர்கள் வாயில் எது வருகிறதோ அது. மரியாதைக் குறைவாக இல்லாமல் இருந்தால் சரி.

கேள்வி: கேம்ப்பில் அருமையாக இருந்தார்கள். வீட்டுக்கு வந்த மறுநாளே குளியலறைக்குச் சண்டை. எல்லாம் வீணா?

வீணாகவில்லை. காடு இரண்டு பக்கத்துக்கும் புது இடம். வீடு அப்படி இல்லை, யாரோ ஒருவருடைய வீட்டுக்கு இன்னொருவர் வந்திருப்பார்கள். வந்தவர்களுக்கு விருந்தாளி மாதிரி இருக்கும், இருந்தவர்களுக்கு இடம் பறிபோன மாதிரி இருக்கும். முடிந்தால் எல்லாருக்கும் புதிதான வீட்டுக்கு மாறுங்கள். முடியாதென்றால், வந்த பிள்ளைக்கு ஒரு அலமாரியாவது, ஒரு மூலையாவது முழுக்கச் சொந்தமாக இருக்கட்டும். கேம்ப்பில் வேலைகளை மாற்றி மாற்றிச் செய்தார்கள் அல்லவா, அதை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். குளியலறை நேரமும் அந்தப் பட்டியலிலேயே வரட்டும். பழைய பழக்கங்களை ஒரே நாளில் பொதுவாக்க வேண்டாம். ஒரு பக்கம் ஞாயிற்றுக்கிழமை தாமதமாக எழுந்து பழகியிருந்தால் எழுப்பாதீர்கள்.

கேள்வி: மனைவியின் மகளுக்கு 14 வயது. எந்தப் பயணத்துக்கும் வர மாட்டேன் என்கிறாள். வற்புறுத்தலாமா?

வேண்டாம். பெற்றோரின் மறுமணத்துக்குப் பழகப் பதின்ம வயதின் தொடக்கம்தான் கடினமான பருவம். மறுமணக் குடும்பங்களை ஆராய்ந்த உளவியலாளர் மாவிஸ் ஹெதரிங்டனின் நீண்ட கால ஆய்வுகளிலும் அது தெரிந்தது. வீட்டிலிருந்து வெளியே போகத் துடிக்கும் வயதில், புதிதாக ஒரு குடும்பத்துக்குள் வா என்கிறோம். அவள் அம்மாவும் அவளும் மட்டும் போகட்டும், நீங்கள் வீட்டில் இருங்கள். அடுத்த முறை எல்லாரும் போகும்போது ஒரு தோழியைக் கூட்டிவரலாம் என்று சொல்லிப் பாருங்கள். வந்தால் இருவரும் பின்னால் தனியாகப் பேசிக்கொண்டு வருவார்கள், வரட்டும். தோழியின் வீட்டில் அனுமதி கேட்பதை அவள் அம்மா பார்த்துக்கொள்ளட்டும், நீங்கள் கூடுதலாக ஒரு ஸ்லீப்பிங் பேக் எடுத்து வையுங்கள்.