‘தி கிரவுன்’ பார்த்த மகள் பி.ஏ. வரலாறு கேட்கிறாள்: ஒரு அப்பாவுக்குப் பதில்

அன்புள்ள ஐயா,

பிளஸ் டூவில் நல்ல மார்க் எடுக்கும் மகள், பிரிட்டனின் எலிசபெத் அரசியைப் பற்றிய ‘தி கிரவுன்’ தொடரைப் பார்த்துவிட்டு வரலாறுதான் படிப்பேன் என்று பிடிவாதமாக நிற்கிறாள், இது வெறும் சீரியல் மோகமா என்று கேட்டிருக்கிறீர்கள். தொடரை மட்டும் பார்த்திருந்தால் நானும் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம் என்றிருப்பேன். ஆனால் அதன் துணைநூலை வாங்கி, பக்கத்துக்குப் பக்கம் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறாள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு நம்பிக்கை தருவது அதுதான்.

அந்த நூலை எழுதிய ராபர்ட் லேசி, தொடரின் வரலாற்று ஆலோசகர். 1977-லேயே எலிசபெத் அரசியின் வாழ்க்கை வரலாற்றை எழுதியவர். துணைநூலின் முதல் தொகுதி 1947 முதல் 1955 வரையிலான காலத்தைப் பேசுகிறது. திரையில் பார்த்ததற்குப் பின்னால் உண்மையில் நடந்தது என்ன என்பதுதான் அதன் வேலை.

1952 டிசம்பரில் லண்டனை மூடிய புகைமூட்டத்தையே எடுத்துக்கொள்வோம். குளிர், காற்றசைவே இல்லை, வீட்டுக்கு வீடு நிலக்கரி அடுப்பு. டிசம்பர் 5 முதல் 9 வரை ஊரே இருண்டு கிடந்தது. பஸ்ஸுக்கு முன்னால் கண்டக்டர் விளக்கைப் பிடித்துக்கொண்டு நடந்தார். சுமார் 4,000 பேர் இறந்ததாக அப்போது கணக்கிட்டார்கள். பிற்கால ஆய்வுகள் 12,000 வரை சொல்கின்றன. இதெல்லாம் நடந்தது. ஆனால் தொடரில் பஸ் மோதி இறக்கும், அப்போதைய பிரதமர் சர்ச்சிலின் செயலாளர் வெனிஷியா ஸ்காட் கற்பனைப் பாத்திரம். புகையால் சர்ச்சில் பதவியே ஆடிப்போனதாகக் காட்டியதும் நாடகத்துக்காகத்தான். இந்தப் புகைக்குப் பிறகு தூய காற்றுச் சட்டம் வந்ததுகூட 1956-ல்தான்.

உங்கள் மகள் கோடு போட்டிருப்பது இந்த மாதிரி இடங்களில் என்றால், இது மோகம் இல்லை. சரி, அதை எப்படித் தெரிந்துகொள்வது? பிரிட்டிஷ் நாடாளுமன்ற விவாதப் பதிவான ஹன்சார்ட் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. 1952 டிசம்பரிலும் அடுத்த சில மாதங்களிலும் புகைமூட்டம் பற்றி உறுப்பினர்கள் கேட்ட கேள்விகளையும் அமைச்சர்கள் சொன்ன பதில்களையும் படித்து, இரண்டு பக்கம் எழுதச் சொல்லுங்கள். வறட்டு நடைதான். அதில் உட்கார முடிந்தால் தாராளமாக வரலாறு படிக்கட்டும். இரண்டே நாளில் சலித்தால் அவளுக்குப் பிடித்தது கதை. அப்போது விஷுவல் கம்யூனிகேஷன், ஆங்கில இலக்கியம் பக்கம் பார்க்கலாம். அதுவும் நல்ல வழிதான்.

வேலை விஷயத்தில் மறைக்காமல் சொல்கிறேன். தொடர்களுக்கு வரலாற்று ஆலோசகர் என்பது பிளஸ் டூவில் குறிவைக்கக்கூடிய வேலை இல்லை. பல வருடம் ஆராய்ந்து எழுதி, பெயர் வந்த பிறகு தேடி வருவது. அதற்குக் கீழே இருக்கும் திறமைக்குத்தான், அதாவது மூல ஆவணத்தைத் தேடிப் பிடித்துச் சரிபார்ப்பதற்குத்தான், வேலைகள் இருக்கின்றன. சென்னை எழும்பூரில் 1909-ல் உருவான ஆவணக் காப்பகத்தில் மதராஸ் மாகாணப் பதிவுகள் மலைபோல இருக்கின்றன. டெல்லி தேசிய ஆவணக் காப்பகம் ஆவண மேலாண்மையில் பயிற்சிப் படிப்புகள் நடத்துகிறது. கல்லூரி ஆசிரியராக எம்.ஏ.வும், நெட் அல்லது செட் என்ற தகுதித் தேர்வோ பிஎச்.டி.யோ வேண்டும், பள்ளிக்கு பி.எட். பத்திரிகை, சட்டம், யு.பி.எஸ்.சி. மூன்றுக்கும் இந்தப் பட்டம் கைகொடுக்கும். ஆரம்பச் சம்பளம் ஐ.டி. அளவுக்கு இருக்காது, அதை இப்போதே வீட்டில் பேசிக்கொள்ளுங்கள்.

அப்புறம், தமிழை விட்டுவிட வேண்டாம். நம் ஊர் ஆவணங்களில் வேலை செய்ய அவளுக்குத் தமிழ், ஆங்கிலம் இரண்டும் வேண்டும்.

அந்த இரண்டு பக்கத்தை எழுதி முடித்ததும் எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். படித்துவிட்டு, எந்தெந்தக் கல்லூரிக்கு விண்ணப்பிப்பது என்று அவளிடமே பேசுகிறேன். மத்தியப் பல்கலைக்கழகங்களும் மனதில் இருந்தால் அவற்றுக்கான பொது நுழைவுத் தேர்வான கியூட் விண்ணப்பத் தேதியை மட்டும் தவறவிடாதீர்கள்.