காரில் உறங்கும் முன்னாள் படைவீரர்: முதல் அழைப்பு யாருக்கு?

கேள்வி: நாங்கள் டெக்சாஸில், ஹூஸ்டனை ஒட்டிய கேட்டியில் இருக்கிறோம். நான் வேலை செய்யும் கிடங்கில் அறுபதைத் தாண்டிய ஒரு அமெரிக்கர் இருக்கிறார். வாடகை ஏறியதால் மூன்று வாரத்துக்கு முன் குடியிருப்பைக் காலி செய்துவிட்டு இப்போது காரில்தான் தூங்குகிறாராம். பழைய இடத்தில் இரண்டு மாத வாடகை பாக்கி. 1980களில் ராணுவத்தில், பீரங்கிப் பிரிவில், ஒன்றேகால் வருடம் இருந்தவர்; ஒரு காது சரியாகக் கேட்காது. "போருக்குப் போகவில்லை, பாதியில் அனுப்பிவிட்டார்கள், காகிதமும் தொலைந்துவிட்டது, எனக்கு ஒன்றும் கிடைக்காது" என்கிறார். மாடி அறையைக் கொடுக்கலாமா, பணம் கொடுக்கலாமா என்று எனக்கும் கணவருக்கும் வாக்குவாதம். நாங்கள் எச்-1பி விசாவில் இருப்பவர்கள், இதில் தலையிட்டால் சிக்கல் வருமா?
- ஒரு வாசகி, கேட்டி

பதில்: அறையும் வேண்டாம், பணமும் வேண்டாம், இப்போதைக்கு. முதலில் ஒரு தொலைபேசி அழைப்பு. வீடற்ற முன்னாள் படைவீரர்களுக்கான தேசிய அழைப்பு மையத்தின் எண் 877-424-3838. இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், கட்டணம் இல்லை. நண்பர்களும் உறவினர்களும்கூட அழைக்கலாம். உங்கள் விசாவுக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. உதவி கேட்பவர் அவர், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்.

இந்த மையம் வீடு கொடுப்பதில்லை. விவரம் கேட்டுக்கொண்டு அருகிலுள்ள வி.ஏ. மருத்துவமனையின் வீடற்றோர் பிரிவுக்கு இணைத்துவிடும். வி.ஏ. என்பது முன்னாள் படைவீரர் நலத்துறை. உங்கள் பகுதிக்கு அது ஹூஸ்டனின் மைக்கேல் டிபேக்கி மருத்துவமனை. பிறகு அங்கிருந்து ஒருவர் திரும்பக் கூப்பிடுவார். பாதிப் பேர் கோட்டை விடுவது அந்த இடத்தில்தான். தெரியாத எண் என்று எடுக்க மாட்டார்கள், குரல் பதிவுப் பெட்டி நிறைந்திருக்கும், காரில் சார்ஜ் இருக்காது. உங்கள் நண்பருக்குக் காதும் மந்தம். ஆகவே முதல் அழைப்பிலேயே "குறுஞ்செய்தி அனுப்புங்கள், இரண்டாவது தொடர்புக்கு இந்த எண்" என்று உங்கள் எண்ணையும் அவர் சம்மதத்தோடு கொடுத்துவிடுங்கள். இரண்டு வேலை நாளில் யாரும் கூப்பிடாவிட்டால் மறுபடி அழைத்து, முதலில் அழைத்த தேதியைச் சொல்லுங்கள்.

"நேற்றிரவு எங்கே தூங்கினீர்கள்?" என்று கட்டாயம் கேட்பார்கள். கூச்சத்தில் "நண்பர்கள் வீட்டில்" என்று சொல்லிவிடுவது இந்த வயது ஆண்களின் வழக்கம். அது அவருக்கே எதிராகத் திரும்பும். மத்திய அரசின் வரையறைப்படி காரிலோ பூங்காவிலோ காப்பகத்திலோ தூங்குபவர் நேரடியாக வீடற்றவர். தொண்டு நிறுவனமோ அரசுத் திட்டமோ பணம் கட்டிய மோட்டல் அறையும் அதில் சேரும். சொந்தக் காசில் எடுத்த அறை சேராது. நண்பர் வீட்டில் தங்குபவர் வேறு பிரிவுக்குப் போய்விடுவார், முன்னுரிமை மாறும். உங்கள் மாடி அறையில் எனக்குள்ள தயக்கம் இதனால்தான், ஈவிரக்கம் இல்லாமல் அல்ல. பொய் எதுவும் சொல்ல வேண்டாம். காரில் தூங்குகிறார் என்பதே உண்மை, அதை அப்படியே சொன்னால் போதும். ஒன்று மட்டும்: ஹூஸ்டன் வெயிலிலோ உறைபனி இரவிலோ உயிருக்கு ஆபத்து என்றால் எந்தப் பிரிவு என்று பார்த்துக்கொண்டிருக்காதீர்கள், உள்ளே அழைத்துக்கொள்ளுங்கள். வரையறையை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.

இனி, "எனக்கு ஒன்றும் கிடைக்காது" என்கிறாரே, அது. போர்முனைக்குப் போயிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இந்தத் திட்டங்களில் எதிலும் இல்லை. பாதியில் அனுப்பப்பட்டதைப் பொறுத்தவரை, விடுவிப்பின் தன்மை என்ன என்பதுதான் கேள்வி. ஹானரபிள் (நற்பெயரோடு விடுவிப்பு), ஜெனரல், அதர் தேன் ஹானரபிள், பேட் காண்டக்ட் (தவறான நடத்தை), டிஸ்ஹானரபிள் (அவமதிப்போடு நீக்கம்) என்று மேலிருந்து கீழாக அதில் பல படிகள். மூன்றாவது படியில் இருப்பவர்கள் பெரும்பாலும் தங்களையே டிஸ்ஹானரபிள் என்று நினைத்துக்கொண்டு ஒதுங்கிவிடுகிறார்கள். வீட்டு உதவித் திட்டங்கள் அவர்களுக்கும் திறந்தவையே. கதவு மூடுவது டிஸ்ஹானரபிள் விடுவிப்புக்கும், ஜெனரல் கோர்ட் மார்ஷல் என்ற உயர் ராணுவ நீதிமன்றத்தின் தீர்ப்பால் வெளியேற்றப்பட்டவர்களுக்கும். 1980 செப்டம்பருக்குப் பிறகு சேர்ந்தவர்கள் வி.ஏ. மருத்துவத்துக்குப் பொதுவாக 24 மாதப் பணி காட்ட வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் நான் அடுத்துச் சொல்லப்போகும் திட்டத்துக்குப் பயிற்சி நீங்கலாக ஒரே ஒரு நாள் முழுநேரப் பணி போதும்.

காகிதம் தொலைந்ததற்காகக் காத்திருக்கவே வேண்டாம். அவர் தேடுவது டிடி-214 என்ற விடுவிப்புச் சான்று. உதவி செய்யும் நிறுவனங்கள் 'ஸ்கொயர்ஸ்' என்ற வி.ஏ. இணையத் தளத்தில் பெயர், பிறந்த தேதி, சமூகப் பாதுகாப்பு எண்ணை வைத்துப் பணி நிலையைச் சரிபார்க்க முடியும். அதே நேரத்தில் செயின்ட் லூயிஸில் உள்ள தேசியப் பணியாளர் ஆவண மையத்துக்கு இலவசமாக விண்ணப்பித்துவிடுங்கள். எஸ்எஃப்-180 படிவம் அல்லது இணையம், எதுவானாலும் சரி. தங்க இடமில்லை என்பதைக் குறிப்பிட்டு எழுதுங்கள். 1973இல் அங்கே நடந்த தீ விபத்தைக் காட்டி "என் கோப்பும் எரிந்திருக்கும்" என்று சொல்வார்கள் சிலர். எரிந்தவை 1960க்கு முன் விலகிய தரைப்படையினர், 1964க்கு முன் விலகிய விமானப்படையினர் ஆகியோரின் கோப்புகள். 1980களில் இருந்தவருக்கு அந்தக் கவலை இல்லை.

எந்தத் திட்டம்? எல்லோரும் முதலில் கேள்விப்படுவது ஹட்-வாஷ். வீட்டுவசதித் துறையின் வாடகைச் சீட்டும் வி.ஏ.வின் சமூகப் பணியாளர் கவனிப்பும் சேர்ந்தது. குடியிருப்பவர் தம் வருமானத்தில் ஏறத்தாழ 30 சதவீதம் கட்டுவார், மிச்சத்தை வீட்டுவசதி ஆணையம் நேராக வீட்டுக்காரருக்குக் கட்டும். ஆணையத்தின் வாசலில் போய் வரிசையில் நிற்பதுதான் இதில் வழக்கமான தவறு. அங்கே பொதுக் காத்திருப்புப் பட்டியலில்தான் பெயர் சேரும், வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். வாஷுக்குப் பரிந்துரை வி.ஏ.விலிருந்துதான் வர வேண்டும். தவிர, இது நீண்ட காலம் தெருவில் இருந்தவர்கள், கடும் நோயோ போதைப் பழக்கமோ உள்ளவர்கள் என்று தொடர் கவனிப்பு தேவைப்படுவோருக்கு முதலில் போகும். மூன்று வாரம் காரில் இருந்து, வேலைக்கும் போய்வரும் ஒருவருக்கு உடனே கிடைப்பது அரிது என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

அவருக்குப் பொருந்துவது எஸ்எஸ்விஎஃப், அதாவது படைவீரர் குடும்பங்களுக்கான ஆதரவுச் சேவைத் திட்டம். உள்ளூர்த் தொண்டு நிறுவனங்களுக்கு வி.ஏ. நிதி கொடுத்து நடத்துகிறது. அவருடைய பிரச்சினையைப் பாருங்கள்: மாதாமாதம் வாடகை கட்டும் அளவுக்குச் சம்பளம் வருகிறது. முன்பணம், முதல் மாத வாடகை, பழைய பாக்கி மூன்றையும் ஒரே நேரத்தில் புரட்டத்தான் முடியவில்லை. இந்தத் திட்டம் இருப்பதே அந்த இடைவெளியை அடைக்கத்தான். முன்பணம், பாக்கி வாடகை, மின் இணைப்புக் கட்டணம், சாமான் ஏற்றும் செலவு, சில மாத வாடகை வரை கொடுக்கலாம். அந்தப் பகுதியின் இடைநிலை வருமானத்தை வைத்து ஒரு வருமான வரம்பு உண்டு, நிறுவனத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். பணம் அவர் கைக்கு வராது, வீட்டுக்காரருக்கும் மின் நிறுவனத்துக்கும் நேராகப் போகும். அதனால் புது வீட்டுக்காரர் டபிள்யூ-9 வரிப் படிவம் கொடுக்க வேண்டும். அதைத் தர மறுக்கும் வீட்டுக்காரரிடம் எவ்வளவு பேசினாலும் காசோலை வராது. வீடு பார்க்கும்போதே கேட்டுவிடுங்கள்.

ஒரு கோப்புறையில் இவற்றைச் சேர்த்து வையுங்கள்: புகைப்பட அடையாள அட்டை, சமூகப் பாதுகாப்பு அட்டை, கடைசி இரண்டு மாதச் சம்பளச் சீட்டு, வங்கி அறிக்கை, பழைய குத்தகை ஒப்பந்தம், பாக்கி எவ்வளவு என்று பழைய குடியிருப்பு கொடுத்த கணக்கு. கார் பூட்டு உடைந்தால் எல்லாம் போய்விடும், ஆகவே அந்தக் கோப்புறை உங்கள் வீட்டில் இருக்கட்டும். கைப்பேசியில் படமும் எடுத்து வையுங்கள். அஞ்சலுக்கு உங்கள் முகவரி கொடுக்கலாம். கணவருக்கு விருப்பமில்லை என்றால் அஞ்சலகத்தில் 'ஜெனரல் டெலிவரி' என்று எழுதி இலவசமாக வாங்கிக்கொள்ளலாம், 30 நாள் வரை வைத்திருப்பார்கள்.

பழைய குடியிருப்பு நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறதா என்பதையும் அவரிடம் கேளுங்கள். காலி செய்யச் சொன்ன நோட்டீஸ் வேறு, நீதிபதியின் வெளியேற்றத் தீர்ப்பு வேறு. தீர்ப்பு பதிவாகிவிட்டால் வாடகைக்கு விடும் ஒவ்வொரு நிறுவனமும் அதைத் தோண்டி எடுக்கும். இதே நிலையில் உங்களுக்குத் தெரிந்த வேறு படைவீரர் யாராவது நோட்டீஸ் கட்டத்தில் இருந்தால், சாமானைக் கட்டும் முன் அதே எண்ணை அழைக்கச் சொல்லுங்கள். டெக்சாஸில் நோட்டீஸ் கெடு வழக்கமாக மூன்றே நாள், ஆனால் அது முடிந்ததும் யாரும் தூக்கி வெளியே போட முடியாது. வீட்டுக்காரர் 'ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ்' என்ற உள்ளூர் நீதிமன்றத்தில் வழக்குப் போட வேண்டும். அந்த இடைவெளியில் எஸ்எஸ்விஎஃப் பாக்கியைக் கட்டி வீட்டைக் காப்பாற்றிவிட்டால், புது வீடு தேடும் வேலையே இருக்காது.

காதுக்கு வருவோம். பீரங்கிச் சத்தத்தால் வந்த காது மந்தத்துக்கு இழப்பீடு கேட்கலாம். அவர் விடுவிப்பின் தன்மையை வி.ஏ. தனியாக ஆராயும், நாள் பிடிக்கும், வீட்டு உதவிக்கு இதை நம்பி நிற்கக் கூடாது. ஆனால் 'இழப்பீடு கேட்கப்போகிறேன்' என்று முன்கூட்டியே சொல்லும் 21-0966 படிவத்தைக் கொடுத்துவிட்டால் தேதி ஓராண்டுக்குப் பத்திரம். பின்னால் அனுமதி கிடைத்தால் அந்தத் தேதியிலிருந்து பணம் கணக்கிடப்படும். கவுன்ட்டி படைவீரர் நல அலுவலர், அமெரிக்கன் லீஜன், டிஏவி போன்ற படைவீரர் சங்கத்தினர் ஆகியோர் காசு வாங்காமல் நிரப்பித் தருவார்கள். முதல் விண்ணப்பத்துக்கே கட்டணம் கேட்கும் ஆலோசகர் யாராவது முளைத்தால் விலகி வரச் சொல்லுங்கள், அது சட்டத்துக்குப் புறம்பு.

நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி கார் ஓட்டுவதுதான் என்று சொன்னால் சிரிப்பீர்கள், அவரிடமே கார் இருக்கிறதே. ஆனால் அவர் வேலை நேரத்தில்தான் அலுவலகங்கள் திறந்திருக்கும். மேற்பார்வையாளரிடம் பேசி ஒரு நாள் காலையை விடுவித்துக் கொடுங்கள். கூட உட்கார்ந்து, அவர் காதில் விழாததைத் திருப்பிச் சொல்லுங்கள், பேசியவர் பெயரையும் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். பேச்சில் "நான் இல்லாமலே போனால் நல்லது" என்ற தொனி வந்தால் கோப்பை மூடி வைத்துவிட்டு 988 அழைத்து 1ஐ அழுத்துங்கள். அது படைவீரர்களுக்கான நெருக்கடி எண்.

ஹூஸ்டன் பக்கம் வாடகை வீடு வைத்திருக்கும் நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை. வாஷ் சீட்டோடு வருபவருக்கு வீடு தேட குறைந்தது 120 நாள் கொடுக்கிறார்கள். அதற்குள் ஒப்புக்கொள்ளும் வீட்டுக்காரர் கிடைக்காமல் போவதே பெரிய தலைவலி. ஆணையத்தின் பங்கு தவறாமல் வரும், நுழையும் முன் வீட்டை ஒருமுறை சோதனை போடுவார்கள், முன்பணத்துக்குச் சீட்டு உதவாது, அதை எஸ்எஸ்விஎஃப் கொடுக்கக்கூடும். வீடு காலியாக இருந்தால் ஆணையத்துக்குச் சொல்லுங்கள்.

உங்கள் நண்பருக்கு வீடு கிடைத்த வாரத்திலேயே வி.ஏ.விலும் வங்கியிலும் கிடங்கின் சம்பளப் பிரிவிலும் முகவரியை மாற்றச் சொல்லுங்கள். இழப்பீட்டுக்கான காதுப் பரிசோதனைக் கடிதம் பழைய முகவரிக்குப் போய் அவர் போகாமல் விட்டால், வராதவர் என்று எழுதி விண்ணப்பத்தைத் தள்ளிவிடக்கூடும்.