எந்த ஸ்டேஷனில் இறங்கினால் என்ன சாப்பிடலாம்?

வாசகர் கேள்வி – பதில்

இரண்டு வாரங்களுக்கு முன்பு சென்னை மெட்ரோ பற்றி ஒரு வரி எழுதினேன், அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சாப்பாட்டைப் பற்றித்தான். அதனால் இந்த முறை பக்கம் முழுக்க அதற்கே.

கேள்வி: மே மாதம் நங்கநல்லூரில் இருக்கும் என் அக்கா வீட்டுக்கு வருகிறோம். நான், என் கணவர், கல்லூரியில் படிக்கும் மகன். ஒரு நாள் முழுக்க மெட்ரோவிலேயே சுற்றி நல்ல கடைகளில் சாப்பிட வேண்டும் என்பது மகனுடைய ஆசை. போனில் தேடினால் நூறு பெயர் வருகிறது, எங்கே ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை.
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: முதலில் அந்த நூறு பெயரையும் மூடி வையுங்கள். கையில் கடிகாரம் இருந்தால் போதும். சென்னையில் மனசில் நிற்கிற கடைகள் பெரும்பாலும் ஒரே ஒரு பண்டத்துக்குப் பேர் போனவை, அந்தப் பண்டம் அடுப்பிலிருந்து இறங்குவதற்கு ஒரு வேளை உண்டு, அந்த வேளைக்கு நீங்கள் அங்கே நின்றால் அதுதான் விருந்து. மதியம் மூன்று மணிக்குப் போய்ப் பொங்கல் கேட்டுவிட்டு 'இந்தக் கடைக்கா இவ்வளவு பேர்' என்று சொல்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

உங்களுக்கு வசதியாக நங்கநல்லூர் ரோடு ஸ்டேஷன் நீல வழித்தடத்திலேயே இருக்கிறது. விமான நிலையத்தில் தொடங்கி விம்கோ நகர் வரை போகிற பாதை அது. காலையில் காபியோடு நிறுத்திக்கொண்டு ஏழரை மணிக்குள் ரயில் ஏறி சைதாப்பேட்டையில் இறங்குங்கள். வேறு எதற்கும் இல்லை, வடைகறிக்கு. சைதாப்பேட்டை என்றாலே வடைகறி, வடைகறி என்றாலே மாரி ஹோட்டல் என்று பழைய ஆட்கள் இன்னமும் சொல்வார்கள். கடலைப்பருப்பை ஊறவைத்துக் கொரகொரப்பாக அரைத்து, உருட்டி வேகவைத்தோ பொரித்தோ எடுத்து, அதை உதிர்த்து மசாலாவில் போடுவார்கள். பட்டை, பெருஞ்சீரக வாசனை தெருவுக்கே வரும். ஆளுக்கு இரண்டு இட்லி, மகனுக்கு வேண்டுமானால் ஒரு தோசை, அதற்கு மேல் வேண்டாம். வயிற்றில் இடம் வைத்திருங்கள், நாள் பெரியது.

அடுத்து அரசினர் தோட்டம் ஸ்டேஷன். அங்கிருந்து வாலாஜா சாலை வழியாகத் திருவல்லிக்கேணி நெடுஞ்சாலைக்குள் திரும்பி இருபது நிமிடம் போல நடந்தால் ரத்னா கபே, 1948-ல் ஆரம்பித்தது. வெயில் அதிகமென்றால் ஆட்டோ பிடியுங்கள், மே மாதத்தில் வீறாப்பு வேண்டாம். இங்கே சாம்பார் இட்லியை ஒரு தடவையாவது உட்கார்ந்து பார்க்க வேண்டும். தட்டில் இட்லி வரும், பின்னாலேயே ஒருவர் சாம்பார் பாத்திரத்தோடு வருவார், ஊற்றுவார், இட்லி முங்கும், நீங்கள் போதும் என்று கையைக் காட்டும்போது இன்னொரு கரண்டி விழுந்திருக்கும். கொஞ்சம் தித்திப்பு தட்டுகிற, தளதளவென்ற சாம்பார். இட்லியை உடனே பிட்டுவிடாமல் ஒரு நிமிடம் விட்டுவிட்டால் ஓரங்கள் ஊறி நடு மட்டும் பஞ்சாக நிற்கும், அந்த நேரத்தில் ஸ்பூனைப் போடுங்கள். இந்தக் கடையைத் தொடங்கியவர் வடக்கே மதுராவிலிருந்து வந்த குடும்பத்துக்காரர் என்பதை நினைத்தால் எனக்கு இந்த ஊர் மேல் பாசம் கூடித்தான் போகிறது. சாம்பாரைத் தன் வீட்டுக் குழம்பாகவே ஆக்கிக்கொண்டிருக்கிறாரே!

மதியம் கனமாக வேண்டாம். அசைவம் உண்டென்றால் அண்ணா சாலையில் புஹாரி இருக்கிறது (அதைப் பற்றி இன்னொரு கேள்வி வந்திருக்கிறது, கீழே பாருங்கள்), இல்லையென்றால் மோர் குடித்துவிட்டு அக்கா வீட்டுக்கே திரும்பிப் படுத்துத் தூங்குங்கள். அங்கேதான் மெட்ரோவின் அருமை. குறைந்த கட்டணம் 10 ரூபாய், 2021-ல் குறைத்த பிறகு அதிகபட்சமே 50 ரூபாய், குளுகுளுவென்று போய்த் தூங்கி எழுந்து மறுபடி வரலாம். பஸ்ஸில் இதைச் செய்ய மனசு வருமா?

ஐந்தரை, ஆறுக்கு மறுபடி கிளம்பி நேராக உயர் நீதிமன்றம் ஸ்டேஷன். வெளியே வந்து என்.எஸ்.சி. போஸ் சாலையிலேயே மேற்குப் பக்கமாக நடங்கள். கூட்டம் தள்ளிக்கொண்டு போகும், பயப்பட வேண்டாம், அப்படியே போகலாம். சீனா பாய் டிபன் சென்டர் சாயங்காலக் கடை. பெரிய மெனு எதுவும் கிடையாது, நெய்ப் பொடி இட்லியும் ஊத்தப்பமும்தான். அந்தப் பொடியும் நெய்யும் கல்லில் பட்டு எழும் மணத்துக்கே பாதிப் பேர் வரிசையில் நிற்கிறார்கள். அப்படியே மின்ட் தெருவுக்குள் நுழைந்தால் சௌகார்பேட்டை, காகடா ராம்பிரசாத் கடையில் ஜிலேபி சுடச்சுட. கணவருக்குச் சர்க்கரை இருந்தால் ஒன்றை மூன்று பேரும் பிட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக அத்தோ. இதை உங்கள் மகனுக்காக எழுதுகிறேன், அவன் வயதில் நான் அங்கேதான் கிடந்தேன். பர்மாவில் 1962-ல் ராணுவ ஆட்சி வந்த பிறகு கடைகளையும் தொழில்களையும் இழந்து திரும்பி வந்த தமிழர்கள் பலர் பாரிமுனை, கடற்கரை ஸ்டேஷன் பக்கம் பிழைப்பைத் தொடங்கினார்கள், பர்மா பஜார் பெயரே அதைச் சொல்லும். அவர்கள் கொண்டுவந்த சாப்பாடு இது. தள்ளுவண்டியில் ஆரஞ்சு நிறத்தில் தடித்த நூடுல்ஸ் குவித்து வைத்திருப்பார்கள். கடைக்காரர் ஒரு கிண்ணத்தில் அதைப் போட்டு, நறுக்கிய முட்டைக்கோஸ், வெங்காயம், பொரித்த வெங்காயம், பூண்டு எண்ணெய், புளித் தண்ணீர், மிளகாய்த் தூள், மேலே நொறுக்கிய பேஜோ (மொறுமொறுவென்று பொரித்த தட்டை மாதிரி) என்று ஒவ்வொன்றாகப் போட்டுக் கையாலேயே பிசைந்து தருவார். பக்கத்தில் ஒரு கிண்ணம் வாழைத்தண்டு சூப், கேட்கக் கேட்க ஊற்றுவார்கள். அவித்த முட்டையைக் கீறி உள்ளே பொரித்த வெங்காயமும் புளியும் வைத்துத் தருகிறார்களே, அதை ஒரே வாயில் போட வேண்டும், கடித்தால் சட்டையெல்லாம் ஆகிவிடும். நின்றுகொண்டுதான் சாப்பிட வேண்டும். மண்ணடி, உயர் நீதிமன்றம் இரண்டு ஸ்டேஷனிலிருந்தும் நடந்துவிடலாம், பத்து மணிக்குள் திரும்பி ரயில் ஏறினால் அக்காவுக்குக் கவலை இருக்காது.

கேள்வி: சிக்கன் 65 உண்மையிலேயே புஹாரி ஓட்டலில் பிறந்ததா? 65 என்றால் என்ன?
– வாசகர், வேலூர்

பதில்: 65 நாள் கோழி, 65 மிளகாய், 65 துண்டு என்று கதைகள் ஏராளம். நான் நம்புவது 1965-ல் அந்த ஓட்டலில் அறிமுகமானதால் வந்த பெயர் என்பதை. காரணம், ஏ.எம். புஹாரி 1951-ல் தொடங்கிய அதே ஓட்டலில் சிக்கன் 78, சிக்கன் 82, சிக்கன் 90 என்றும் அந்தந்த வருடத்தை வைத்துப் பெயர் சூட்டியிருக்கிறார்கள். ஆண்டுக் கணக்கு பொருந்துகிறது, மிளகாய்க் கணக்கு பொருந்தவில்லை. அரசினர் தோட்டத்தில் இறங்கி அண்ணா சாலையில் நடந்தால் வந்துவிடும். சிவப்புச் சாயம் சொட்டுகிற தள்ளுவண்டி 65-ஐ எதிர்பார்த்துப் போகாதீர்கள், கூடவே ஒரு பிரியாணி சொல்லிக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

கேள்வி: அம்மாவுக்கு 74 வயது, மூட்டுவலி. ஆனால் வெளியே சாப்பிட ரொம்பப் பிரியம். நீங்கள் சொல்கிற கடைகளுக்கெல்லாம் நடக்க வேண்டியிருக்கிறதே?
– வாசகர், ஷெனாய் நகர்

பதில்: உங்கள் கேள்வி நியாயமானது. மெட்ரோ ஸ்டேஷனுக்குள் லிஃப்ட், எஸ்கலேட்டர் எல்லாம் உண்டு, வாசலுக்கு வெளியே வந்த பிறகுதான் நம் நடைபாதைகளின் சோதனை ஆரம்பமாகிறது. உங்களுக்குப் பச்சை வழித்தடம்தான், அதனால் எழும்பூர் போங்கள். தென்மாவட்ட ரயில் பிடிக்க வருகிறவர்களுக்காகவே காந்தி இர்வின் சாலையில் சைவ டிபன் ஓட்டல்கள் காலங்காலமாக இருக்கின்றன, சாலையைத் தாண்டினால் போதும். மாலை மூன்றரை, நாலு மணிக்குப் போங்கள், கூட்டம் இல்லாத நேரம், சுவர் ஓரமாக உட்காரலாம், சர்வர்களும் அவசரப்படுத்த மாட்டார்கள். போன மாதம் என் அத்தையை ஒரு பெரிய ஏசி ஓட்டலுக்கு ஞாயிறு மதியம் கூட்டிப்போய் நாற்பது நிமிடம் நிற்க வைத்துவிட்டேன், கடைசியில் வந்த தோசையும் ஆறிப்போயிருந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, எனக்குத்தான் இன்னும் உறுத்துகிறது. அம்மாவை ஞாயிறு மதியம் மட்டும் எங்கேயும் கூட்டிப்போகாதீர்கள்.

கேள்வி: கோயம்பேட்டில் இறங்கினால் நல்ல ராத்திரிச் சாப்பாடு கிடைக்கும் என்று என் நண்பர் சொல்கிறார். சரியா?
– வாசகர், திண்டிவனம்

பதில்: உங்கள் நண்பர் பழைய நினைவில் சொல்கிறார். 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்து, தென்மாவட்டப் பஸ்கள் அங்கே போனபின் கோயம்பேட்டின் ராத்திரி முகமே வேறு. சாப்பாட்டுக்காகவே பயணம் செய்வதானால் மூன்று ஸ்டேஷன் தள்ளி வடபழனி போங்கள், முருகனைப் பார்த்துவிட்டு டிபன்.

கேள்வி: பூந்தமல்லியிலிருந்து மயிலாப்பூருக்குப் புதிய மெட்ரோ பாதை போடுகிறார்களே, அதில் எந்தக் கடைக்காகக் காத்திருக்கலாம்?
– வாசகி, பூந்தமல்லி

பதில்: இதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன்! இரண்டாம் கட்டத்தில் மொத்தம் 118.9 கிலோமீட்டர், அதில் உங்கள் பாதை கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி வரை 26.1 கிலோமீட்டர். வடபழனி, கோடம்பாக்கம், பனகல் பார்க், நந்தனம், ஆழ்வார்பேட்டை, திருமயிலை என்று சாப்பிடத் தெரிந்தவர்கள் வரைந்த மாதிரி ஒரு கோடு.

என் மனசு திருமயிலையில்தான். அருண்டேல் தெருவில் ஒரு சந்துக்குள் ராயர் மெஸ், இடம் சின்னது, உள்ளே இருப்பவர்கள் எழுந்தால்தான் வெளியே இருப்பவர்கள் உள்ளே போக முடியும். காலையில் பொங்கல், இட்லி, வடை. அந்தக் கெட்டிச் சட்னி இருக்கிறதே, பச்சை மிளகாய்க் காரம் நேராக மூக்குக்கு ஏறும், கண் கலங்கும், ஆனால் கை மறுபடி அதற்கே போகும். காத்திருக்கும் நேரத்தில் பேப்பர் படிக்கும் மாமாக்களிடம் பேச்சுக் கொடுத்தால் மயிலாப்பூரின் பாதிச் சரித்திரம் கிடைத்துவிடும். வெயில் ஏறியதும் மாட வீதிப் பக்கம் 1927-லிருந்து இருக்கும் காளத்தி கடைக்குப் போய் ரோஸ் மில்க். பத்திரிகைக் கடையில் ரோஸ் மில்க்கா என்று கேட்காதீர்கள், ஒரு கிளாஸ் குடித்துப் பாருங்கள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், நீங்கள் 'காத்திருக்கலாமா' என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து காத்திருக்காதீர்கள். மயிலாப்பூர் லஸ் பக்கம் மெட்ரோ வேலைக்காகத் தடுப்புத் தகரம் அடித்த நாளிலிருந்து அதன் பின்னால் இருக்கும் சின்னக் கடைகள் தெருவில் போகிறவர்களின் கண்ணிலேயே படவில்லை. வண்டி நிறுத்த இடமில்லை, நடக்க வழி குறுகல், வழக்கமாக வருகிறவர்களே 'அப்புறம் பார்க்கலாம்' என்று திரும்பிவிடுகிறார்கள். திருமயிலையில் இரண்டு புதுப் பாதைகள் சந்திக்கப் போகின்றன, ஸ்டேஷன் பெரிதாக வரும், கூட்டமும் வரும், அதுவரைக்கும் கடை தாக்குப்பிடிக்க வேண்டாமா? பஜ்ஜிக் கடைக்காரருக்கு வேண்டியது இந்த வாரத்து வியாபாரம். அங்கே போக இப்போதே ஒரு ரயில் இருக்கிறது, பறக்கும் ரயிலில் திருமயிலை என்றே ஸ்டேஷன் உண்டு. பூந்தமல்லியிலிருந்து பஸ்ஸில் சென்ட்ரல் வந்து பார்க் டவுனில் ஏறிக்கொள்ளுங்கள். கொஞ்சம் சுற்றுதான், இருந்தாலும் வாருங்கள்.

கேள்வி: மெட்ரோவில் பார்சல் கொண்டுபோக விடுவார்களா?
– வாசகர், திருவொற்றியூர்

பதில்: கொண்டுபோகலாம், ரயிலுக்குள் பிரித்துச் சாப்பிடக் கூடாது. வாசனை கசியாமல் கட்டித்தரச் சொல்லுங்கள், எதிரே வேலை முடிந்து பசியோடு ஒருவர் உட்கார்ந்திருப்பார். வடைகறி, சாம்பாருக்கு வீட்டிலிருந்தே எவர்சில்வர் தூக்கு எடுத்துப்போனால் நல்லது, பிளாஸ்டிக் பையில் கட்டிய சாம்பார் எஸ்கலேட்டரில் உடைந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அத்தோவைப் பார்சல் வாங்கவே வேண்டாம், வீடு போவதற்குள் எல்லாம் ஊறிப்போய்விடும். ஜிலேபி வாங்கினால் டப்பா மூடியைக் கொஞ்சம் திறந்தே வைத்துக்கொண்டு மண்ணடியில் ஏறுங்கள், இறுக்கி மூடினால் ஆவி தண்ணீராகி, திருவொற்றியூர் தேரடி வருவதற்குள் மொறுமொறுப்பு போய்விடும்.