சம்பளத்தில் கழியும் கட்டில்

தம்பி, பிரிட்டிஷ் கொலம்பியாவில் பண்ணை வேலை கிடைத்திருப்பதாகவும், தங்குமிடச் செலவைச் சம்பளத்திலேயே கழித்துக்கொள்வார்கள் என்றும் எழுதி, குளிரைப் பற்றியும் ஊரைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். குளிருக்கு நல்ல சப்பாத்து போதும். ஊர் போகப் போகப் பழகிவிடும். அந்தக் கழிவைப் பற்றித்தான் நான் சொல்ல வேண்டும்.

இந்த மாகாணத்தில் அது பழைய வழக்கம். 1881 முதல் 1885 வரை ஃபிரேசர் ஆற்று மலையிடுக்கில் ரயில் பாதை போட்ட சீனர்களுக்கு நாட்கூலி ஒரு டொலர். வெள்ளையருக்கு ஒன்றரை முதல் இரண்டரை வரை. சீனர்கள் ஒதுக்கப்பட்ட முகாம்களில் கூடாரமடித்து, உணவுக்கும் சாமான்களுக்கும் தாங்களே செலவிட்டு, சோற்றையும் காய்ந்த சால்மன் மீனையும் தின்று காலந்தள்ளினார்கள். காய்கறி காணாமல் ஸ்கர்வி நோயில் பலர் இறந்தார்கள். சீனர் வருகையை ஆராய்ந்த அரச விசாரணை ஆணையத்தின் 1885ஆம் ஆண்டு அறிக்கையில் ஒரு சீனத் தொழிலாளியின் ஆண்டுக் கணக்கு இருக்கிறது: மாதம் 25 டொலர், குளிர்காலத்தில் மூன்று மாதம் வேலையில்லை, ஆக 225, உணவு உடைக்கு 130, அறைக்கு 24, கருவிக்கும் பயணத்துக்கும் 10, பிறகு வரி, மருந்து, விளக்குக்கு எண்ணெய் என்று எல்லாம் போக மிஞ்சியது 43. அதே ஆண்டு, புதிதாக வரும் சீனருக்கு விதித்த தலைவரியோ 50 டொலர்.

நான் 1994இல் வந்தபோது ஒரு நிலவறையில் ஒன்பது பேர், ஒரே கழிப்பறை. பண்ணை வேலைக்கு அழைத்துப்போன முகவர் நம் மொழி பேசுபவர். அதனாலேயே கணக்குக் கேட்க வெட்கப்பட்டேன். முதல் சம்பளச் சீட்டில் கட்டிலுக்கும் வாகனத்துக்கும் மட்டுமன்றிக் கையுறைக்கும் வெட்டியிருந்தார்கள். "கனடாவில் இப்படியெல்லாம் நடக்காது" என்று ரொறன்ரோவிலிருந்து அறிவுரை சொல்லும் நம்மவர்கள் பண்ணைச் சேற்றை மிதித்தவர்கள் அல்லர். நடக்கிறது, ஆனால் சட்டம் நம் பக்கம்: வரி போன்ற சட்டப்படியான கழிவுகளைத் தவிர, நீங்கள் எழுத்தில் சம்மதிக்காமல் எதையும் வெட்ட முடியாது. முதலாளியின் தொழிற்செலவைச் சம்மதித்தாலும் உங்கள் தலையில் கட்ட முடியாது. ஆகவே வெற்றுத்தாளில் கையெழுத்திடாதீர்கள்.

இதை எனக்குச் சொன்னவர், அபட்ஸ்ஃபோர்ட் குருத்துவாராவில் சந்தித்த சீக்கியப் பெரியவர். 1911இல் கட்டி முடித்த அந்தக் கோயிலுக்கான மரத்தை, மர ஆலைகளில் வேலை செய்த சீக்கியர்கள் தங்கள் முதுகிலேயே சுமந்து குன்றேற்றினார்களாம். அந்த ஆலைகளில் அவர்களுக்கும் தனிக் கொட்டகைதான், கூட்டுச் சமையல்தான். ஞாயிறுதோறும் அங்கே சாப்பிடப் போவேன். என் சம்பளச் சீட்டை விரித்து, கையுறைக் கழிவைப் பேனாவால் வட்டமிட்டவர், அப்படியே சப்பாத்தி தேய்க்கவும் பழக்கினார். இன்றும் எங்கள் வீட்டில் என் சப்பாத்திதான் வட்டமாக வரும்.