கதவில் தொங்கிய பலகை

அன்புள்ள அக்கா,

ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் பக்கத்தில் ஒரு சிறிய ஊரில் இருக்கிறோம். கணவருக்கு ஐ.டி. வேலை, ப்ளூ கார்டு என்ற வேலை அனுமதியில் வந்தோம். மகளுக்கு நான்கு வயது. நான் கோவையில் ஒரு கம்பெனியில் கணக்கு பார்த்துக்கொண்டிருந்தவள். இங்கே வந்து எட்டு மாதம் ஆகிறது. பெரிய கஷ்டம் என்று சொல்ல எதுவும் இல்லை. ஆனால் சின்னச் சின்ன விஷயங்கள் அழ வைக்கின்றன. போன வாரம் எங்கள் கதவுக் கைப்பிடியில் யாரோ ஒரு மரப்பலகையை மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள். துடைப்பம் படம் போட்டிருந்தது. 'நீங்கள் அசுத்தம்' என்று சொல்வதுபோல இருந்தது. அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மிக்ஸி போட்டதற்குக் கீழ்வீட்டு அம்மா மேலே வந்து சத்தம் போட்டார். வருகிற தபால்களைக் கணவர் 'வீக்எண்டில் பார்க்கலாம்' என்று டிராயரில் போட்டுவிடுகிறார். டிராயர் நிறைந்துவிட்டது. அதில் ஒன்று மஞ்சள் உறை. வானொலிக் கட்டணம் என்று என் பெயருக்கே தனியாக ஒன்று வந்திருக்கிறது. எங்களிடம் டி.வி.யே கிடையாது. குழந்தைகள் டாக்டரிடம் போனால் புது ஆள் எடுப்பதில்லை என்கிறார்கள். இவர்களுக்கு நம்மைப் பிடிக்கவில்லையா அக்கா? (இட்லி மாவு புளிக்கவும் மாட்டேன் என்கிறது.)

பெயர் வேண்டாம்.

*

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்தப் பலகை. அது வசவு இல்லை, இந்த வாரம் உங்கள் முறை என்று அர்த்தம். அதற்கு 'கேர்வோகே' என்று பெயர். ஸ்டுட்கார்ட் இருக்கும் ஸ்வாபியப் பகுதியின் பழைய வழக்கம். பொதுப் படிக்கட்டையும் நடையையும் குடியிருப்பவர்கள் வாரம் ஒருவராகப் பெருக்கித் துடைக்க வேண்டும், முடித்ததும் பலகையை அடுத்த வீட்டுக் கைப்பிடியில் மாட்டிவிட வேண்டும். பழைய மயிலாப்பூர், திருவல்லிக்கேணி ஒண்டுக்குடித்தனங்களில் முறைவாசல் என்று ஒன்று இருந்ததே, அதேதான். கோலம் மட்டும் கிடையாது.

நான் இருக்கும் டோர்ட்முண்டில் இவ்வளவு கறார் இல்லை. உங்கள் ஊர்க்காரர்கள் இதை ஒரு கௌரவமாகவே வைத்திருக்கிறார்கள். சனிக்கிழமைக்குள் முடித்துவிடுங்கள், நாலு பேர் கண்ணில் படும்படி செய்தால் இன்னும் நல்லது (விளையாட்டுக்குச் சொல்லவில்லை). வாடகை ஒப்பந்தத்தையும் கூடவே வரும் வீட்டு விதிகளையும் எடுத்துப் பாருங்கள். உள்ளே படிக்கட்டு மட்டுமா, வெளியே நடைபாதையுமா என்று அதில் இருக்கும். நடைபாதையும் உண்டு என்றால் உங்கள் வாரத்தில் பனி விழுந்தால் விடிந்ததும் தள்ளுவது உங்கள் வேலை. யாராவது வழுக்கி விழுந்து கையை உடைத்துக்கொண்டால் நஷ்டஈடு உங்கள் தலையில் வரலாம். அதற்காகவே இங்கே பெரும்பாலானவர்கள் 'ஹாஃப்ட்ஃப்ளிஷ்ட்' என்ற பொறுப்புக் காப்பீடு எடுத்து வைத்திருக்கிறார்கள். சட்டம் கட்டாயப்படுத்தவில்லை, செலவும் அதிகமில்லை. குடும்பத்துக்குச் சேர்த்தே எடுத்துவிடுங்கள்.

மிக்ஸி விஷயத்தில் நான் கீழ்வீட்டு அம்மா பக்கம். ஞாயிற்றுக்கிழமை ஓய்வு என்பது இந்நாட்டு அரசியலமைப்பிலேயே இருக்கிறது. 1919-இன் வைமார் அரசியலமைப்பில் இருந்த அந்தப் பிரிவை இன்றைய அடிப்படைச் சட்டம் அப்படியே எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறது. கடைகள் மூடிக் கிடப்பதும், சுவரில் துளை போடக் கூடாது என்பதும், காலி பாட்டிலைத் தெருவிலுள்ள கண்ணாடித் தொட்டியில் போட்டால்கூட முறைப்பதும் இதனால்தான். இரவு 10 முதல் காலை 6 வரையும் இதே கதை. சட்னி அரைக்கும் அரை நிமிடத்துக்கு யாரும் போலீஸைக் கூப்பிட மாட்டார்கள். ஆனால் மாவு அரைப்பதைச் சனிக்கிழமை பகலுக்கு மாற்றிவிடுங்கள்.

அப்புறம் தபால். உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது அந்த டிராயர்தான்.

நம் ஊரில் முக்கியமான விஷயம் என்றால் போன் வரும், எஸ்.எம்.எஸ். வரும், யாராவது ஆள் வருவார். இங்கே எல்லாமே தபால் பெட்டி வழியாகத்தான் வரும். பதினோரு இலக்க வரி எண், வங்கி அட்டை, அதன் ரகசிய எண், காப்பீட்டு அட்டை, வெளிநாட்டவர் அலுவலகத்தின் கடிதம் எல்லாம் காகிதம். அதிலும் மஞ்சள் உறை வேறு ரகம். அரசு அலுவலகமோ நீதிமன்றமோ முறைப்படி ஒப்படைக்கும் கடிதம் அது. தபால்காரர் உறையின் மேலேயே தேதியை எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டுப் போவார். நீங்கள் பிரித்தாலும் பிரிக்காவிட்டாலும் அந்தத் தேதியில் உங்களுக்குக் கிடைத்துவிட்டதாகத்தான் கணக்கு. வேகமாகக் கார் ஓட்டியதற்கான அபராதம் என்றால் ஆட்சேபிக்க இரண்டு வாரம்தான். மற்ற அலுவலக முடிவுகளுக்குப் பெரும்பாலும் ஒரு மாதம். நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் கெடு தாண்டினால் அநேகமாகக் கேட்க ஆளில்லை. ஆகவே அதை இன்றைக்கே பிரியுங்கள், உறையைத் தூக்கிப் போடாதீர்கள். கணவர் பெயருக்கு வந்திருந்தால் அவரிடம் கேட்டுவிட்டுப் பிரியுங்கள். அடுத்தவர் கடிதத்தைப் பிரிப்பது இங்கே குற்றம், மனைவி என்றாலும் விதிவிலக்கு இல்லை.

அதன்பின் ஒரு காரியம் செய்யுங்கள்: தபால் பெட்டிச் சாவியை உங்கள் கைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அவர் வேலையில் மூழ்கியிருக்கிறார், சரி. ஆனால் எட்டு மாதமாக வீட்டுக்கு வரும் காகிதம் எதுவும் உங்கள் கண்ணில் படாமல் போவதால்தான் உங்களுக்கு இந்த ஊர் மொத்தமும் ஒரு மிரட்டலாகத் தெரிகிறது என்று நினைக்கிறேன். கோவையில் கணக்கு பார்த்தவருக்கு இது ஆகாத வேலையா? போன் கேமராவை வைத்தால் மொழிபெயர்த்துக் காட்டுகிறது. ஒவ்வொரு கடிதத்திலும் யார் அனுப்பியது, என்ன தேதி, எவ்வளவு தொகை, எந்த நாளுக்குள் என்று பாருங்கள், முதலில் அது போதும். 'ஃப்ரிஸ்ட்' என்று எங்கே கண்டாலும் அடிக்கோடிடுங்கள், அது கெடு. ஒரு தடித்த வளைய ஃபைலும் ஒரு துளைபோடும் கருவியும் வாங்குங்கள். ஹம் நகரத்துக் காமாட்சி அம்மன் கோவில் தேருக்குப் போனபோது எண்பதுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்த ஓர் அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தேன். வீட்டில் ஒரு சுவர் முழுக்க ஃபைல்தான் என்று சிரித்தார். அவர்கள் காலத்தில் பத்து வயதுப் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து அலுவலகக் கடிதம் வாசிக்கச் சொல்வார்களாம். உங்கள் மகள் அந்த வேலைக்கு வர வேண்டியதில்லை. பக்கத்தில் ஈழத்தமிழர் கடை இருந்தால் அங்கே பேச்சுக் கொடுங்கள். கடிதம் புரியாவிட்டால் நம் வாட்ஸ்அப் குழுக்களைவிட அங்கே நல்ல பதில் கிடைக்கும். குழுவில் 'கண்டுக்காதீங்க, ஒண்ணும் ஆகாது' என்பவர் உங்களுக்காக அபராதம் கட்ட மாட்டார்.

இன்னொன்று, தபால் பெட்டியில் எத்தனை பெயர் ஒட்டியிருக்கிறீர்கள்? நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் உங்களுக்கு அப்பா பெயர், குழந்தைக்குக் கணவர் பெயர், கணவருக்கு அவருடைய அப்பா பெயர் என்று ஒரே வீட்டில் மூன்று 'குடும்பப் பெயர்' இருக்கலாம். இங்கே பலமாடிக் கட்டடத்துக்கு இலக்கம் உண்டு, உள்ளே ஒவ்வொரு வீட்டுக்கும் தனி இலக்கம் பெரும்பாலும் கிடையாது, தபால்காரர் பெயரைத்தான் பார்ப்பார். ஒட்டாத பெயருக்கு வந்தது திரும்பிப் போய்விடும். மூன்றையும் ஒட்டுங்கள்.

வானொலிக் கட்டணம் என்பது பொது வானொலிக்கும் டி.வி.க்கும் சேர்த்து வாங்குவது. 2013 முதல் அது கருவிக்கு இல்லை, வீட்டுக்கு. டி.வி. இல்லை என்பது பதிலாகாது. மாதம் 18.36 யூரோ. ஆனால் ஒரு வீட்டுக்கு ஒருவர் கட்டினால் போதும். முகவரிப் பதிவு அலுவலகத்திலிருந்து கட்டணம் வாங்குபவர்களுக்குப் பெயர்கள் தானாகப் போய்விடுகின்றன. நீங்கள் இருவரும் ஒரே வீடு என்பது அவர்களுக்குத் தெரியாது. கணவர் ஏற்கெனவே கட்டுகிறார் என்றால் அவருடைய எண்ணைக் குறிப்பிட்டுப் பதில் அனுப்புங்கள், முடிந்தது. இருவருமே கட்டவில்லை என்றால் குடிவந்த மாதத்திலிருந்து சேர்த்துக் கட்டத்தான் வேண்டும். பேசாமல் இருந்தால் தாமதக் கட்டணமும் சேரும்.

குழந்தைகள் டாக்டர் விஷயத்தில் உங்கள் மேல் யாருக்கும் கோபம் இல்லை, ஜெர்மன்காரர்களுக்கும் இதே பதில்தான். பல ஊர்களில் இடமில்லை. 116117 என்ற எண்ணில் கேட்டால் சந்திப்பு நேரம் தேடித் தருவார்கள், இரவிலும் விடுமுறையிலும் உடம்பு முடியாமல் போய், உயிருக்கு ஆபத்தில்லை ஆனால் காத்திருக்கவும் முடியாது என்றால் அதே எண்தான். உயிருக்கு ஆபத்து என்றால் 112. உங்கள் மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்தையும் தேடித் தரச் சொல்லுங்கள். பாலர் பள்ளியில் தட்டம்மைத் தடுப்பூசிக்குச் சான்று கேட்பார்கள், இது 2020 முதல் சட்டம். கோவையில் போட்ட ஊசி அட்டையைப் பத்திரமாக வையுங்கள்.

பிடிக்கவில்லையா என்று கேட்டிருந்தீர்கள். சிலருக்குப் பிடிக்காது, இல்லை என்று நான் பூசி மெழுக மாட்டேன். நம் பெயரைப் பார்த்ததுமே வீடு காலியில்லை என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். நான் பார்ப்பது ஒன்றுதான்: இந்த விதி எதிர்வீட்டுக்காரருக்கும் உண்டா? பலகை எல்லாக் கதவிலும் சுற்றி வருகிறது, அதை விட்டுவிடுங்கள். உங்களிடம் மட்டும் ஒன்றைச் சொன்னால் தேதி போட்டு எழுதி வையுங்கள். 2006 முதல் பாகுபாட்டுக்கு எதிரான சட்டம் இருக்கிறது, கூட்டாட்சி அரசுக்கு அதற்கென்றே ஆலோசனை அலுவலகமும் இருக்கிறது. அந்தச் சட்டப்படி நஷ்டஈடு கேட்பதற்கும் கெடு உண்டு, பொதுவாக இரண்டு மாதம் என்று வைத்திருக்கிறார்கள். தள்ளிப் போடாதீர்கள்.

கடைசியாக, உங்கள் குடியிருப்பு அட்டையை எடுத்துப் பாருங்கள். வேலை செய்ய அனுமதி உண்டு என்று அச்சிட்டிருக்கும். ப்ளூ கார்டுக்காரரின் மனைவிக்குத் தடை கிடையாது. ஊரில் 'ஃபோல்க்ஸ்ஹோக்ஷூலே' என்ற பெரியவர்களுக்கான கல்வி மையத்தில் மாலை நேர ஜெர்மன் வகுப்பு இருக்கும், இந்த வாரமே போய் விசாரியுங்கள். கணக்குத் தெரிந்தவருக்கு இங்கே வேலை உண்டு, மொழிதான் கதவு திறக்கும். மகளை அன்று மாலை உங்கள் கணவர் பார்த்துக்கொள்ளட்டும்.

இட்லி மாவை ஓவனுக்குள் வைத்து, சூடு போடாமல் விளக்கை மட்டும் எரிய விடுங்கள். காலையில் பொங்கியிருக்கும், பெரிய பாத்திரமாக வையுங்கள்.