முகம் பார்க்கும் கணினி: ஊர் ஊராக வாசகர் கேள்வி பதில்

கல்லடி: சேர், கமெராவில் பார்த்தே ஒருவருடைய கோபத்தைக் கணினி எப்படிக் கண்டுபிடிக்கிறது?

கோபத்தை அது காண்பதில்லை, தசை அசைவைத்தான் காண்கிறது. முக அசைவுகளுக்கு எக்மன், ஃபிரீசன் என்ற உளவியலாளர்கள் 1978இல் இலக்கமிட்டார்கள்: புருவம் நெரிந்தால் 4, உதட்டோரம் உயர்ந்தால் 12. இப்போது ஆயிரக்கணக்கான முகப்படங்களைக் கொடுத்துப் பழக்குகிறார்கள். ‘இது கோபம், இது பயம்’ என்று பெயரிடுவது பெரும்பாலும் படத்தைப் பார்த்தவர்கள். படத்தில் இருப்பவரைக் கேட்பதில்லை. முகம் வேறு, மனம் வேறு.

காத்தான்குடி: ரியூசன் வகுப்பில் பிள்ளைகள் கவனிக்கிறார்களா என்று பார்க்க இப்படியொரு கமெராவைப் பூட்டலாமா?

வேண்டாம். யோசிக்கிற பிள்ளையும் அலுத்துப்போன பிள்ளையும் ஒரே முகத்தோடு இருக்கும். ஐரோப்பிய ஒன்றியம் கல்வி நிலையங்களிலும் வேலைத்தலங்களிலும் இதை 2025 பெப்ரவரியிலிருந்து தடுத்திருக்கிறது. மருத்துவத்துக்கும் பாதுகாப்புக்கும் மட்டும் விலக்கு.

அக்கரைப்பற்று: காதலி பொய் சொல்கிறாளா என்று காட்டும் ஆப் எது?

நம்பக்கூடியது எதுவும் இல்லை, தம்பி.

வந்தாறுமூலை: எக்மன் அடிப்படை உணர்ச்சி ஆறு என்கிறார். தொல்காப்பியத்தில் மெய்ப்பாடு, அதாவது உடலில் தெரியும் உணர்ச்சி, எட்டு. எட்டை வைத்துப் பழக்கினால் என்ன?

நல்ல கேள்வி. நகை, அழுகை, இளிவரல் (அருவருப்பு), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி (கோபம்), உவகை. இதில் பெருமிதம் அந்த ஆறில் இல்லை. அது நிமிர்ந்த தலையிலும் விரிந்த நெஞ்சிலும் தெரிவது. முகத்தை மட்டும் வெட்டியெடுத்த படத்தில் பாதி போய்விடும். அதைவிடப் பெரிய விஷயம், தொல்காப்பியர் ஒவ்வொன்றுக்கும் நாலு காரணம் சொல்கிறார். அழுகைக்கு இளிவு (இகழப்படுவது), இழவு (இழப்பு), அசைவு (முன்னைய நிலை கெடுவது), வறுமை. கமெராவுக்குக் கண்ணீர் தெரியும், இழவா வறுமையா என்று தெரியாது.

களுவாஞ்சிகுடி: மன்னிக்க வேணும் சேர், மெய்ப்பாடு கூத்துக்கும் செய்யுளுக்கும் உரியது. நிஜ வாழ்க்கைக்கு எப்படிப் பொருந்தும்?

உங்கள் மறுப்பில் நியாயம் இருக்கிறது. ஆனால் கணினி பழகிய படத்தொகுப்புகள் பலவும் நடித்துக் காட்டிய முகங்கள்தான். வடமோடி என்ற நம் நாட்டுக்கூத்தில் ராசாவின் கோபம் களரியின் (கூத்தாடும் இடத்தின்) கடைசியில் இருப்பவருக்கும் தெரிய வேண்டும். வீட்டில் அப்பாவின் கோபம், சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைப்பதோடு முடியும். அதைக் கணினி கோபமென்றே எடுக்காது.

வந்தாறுமூலை: அப்போ காரணத்தையும் சேர்த்துக் கொடுத்தால்?

அந்தப் பக்கம்தான் போக வேண்டும். குரல், பேச்சு, முன்னால் நடந்தது எல்லாம் சேர வேண்டும், அதுவும் அந்த ஆள் சம்மதித்தால் மட்டும். அப்புறமும் அது ஊகம்தான்.

திருக்கோவில்: மனைவி உண்மை பேசுகிறாளா என்று போனில் பார்க்க...

மேலே சொல்லிவிட்டேன். முகம் வேறு, மனம் வேறு.

வாழைச்சேனை: ராவில் சாட்பொட்டோடு பேசுகிறேன். ‘உங்கள் கவலை புரிகிறது’ என்கிறது. உண்மையில் புரியுமா?

1966இல் எலிசா என்ற புரோகிராம், சொன்னதையே கேள்வியாகத் திருப்பிக் கேட்டது. அதற்கே ஆட்கள் மனம் திறந்தார்கள். இன்றையது எவ்வளவோ கெட்டிக்காரத்தனமாகப் பேசும், ஆனால் உங்களுக்காக அது கவலைப்படுவதில்லை. ராவில் நித்திரை வராத அளவுக்குப் பாரமென்றால் 1926க்கு எடுங்கள், இலங்கைத் தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம். கேட்க ஒரு ஆள் இருப்பார்.